அணைக்கக் கூடாத சுருதிப்பெட்டி

எங்கள் குழுவின் லீட் கிட்டார்காரருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கிடைத்த வாரத்தில்தான், ஓடிக்கொண்டிருக்கும் கார்டுகளின்மேல் எந்த ஸ்வரங்களை வாசிப்பது என்ற கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. அதுவரை அது அவருடைய கவலை. நான் ரிதம் கிட்டார். மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே வீச்சில் மீட்டினால் அது கார்டு. பாட்டு நெடுக அப்படிப்பட்ட கார்டுகளை வரிசை தவறாமல் மீட்டிக்கொண்டு பின்னால் நிற்பது என் வேலை. பாட்டுக்கு நடுவே முன்னால் வந்து, ஒற்றை ஒற்றை ஸ்வரமாகத் தனியே வாசிப்பது லீட். இரண்டுக்கும் கருவி ஒன்றுதான். ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்து போவதற்கும் பஸ்ஸை ஓட்டிப் போவதற்கும் உள்ள தூரம் அவற்றுக்கு இடையில் இருந்தது.

அது எல்லாரும் எங்கேயாவது புறப்பட்டுக்கொண்டிருந்த காலம். சத்தியவேட்டுப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து இளைஞர்கள் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். கொஞ்சம் படித்தவர்கள் பெங்களூர் பஸ் ஏறினார்கள். திருப்பதியில் தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத்தும் கம்ப்யூட்டர் வகுப்பும் முளைத்திருந்தன. நான் அங்கே சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஒரு டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் பெற்றோர் கூலி வேலையிலிருந்து சொந்த நிலத்துக்கு வந்தவர்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆகவே பள்ளியில் எந்தப் பாடம் எடுப்பது, எந்த ஊரில் தங்குவது, எந்தத் தேர்வு எழுதுவது என்று எதைத் தீர்மானித்தாலும், அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தே தீர்மானித்துப் பழகியிருந்தேன். கிட்டார் ஒன்றுதான் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றது. பல்கலைக்கழக விடுதியில் பக்கத்து அறைக்காரன் வாசித்ததைக் கேட்டேன், பிடித்தது, கற்றேன். பயன் என்னவென்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

குழுவை நடத்தியவரை நாங்கள் எல்லாரும் அண்ணா என்றே அழைத்தோம். சாந்திபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவர். ஜவுளிக்கடை வேலைக்குத் திருப்பதி வந்தபின் பஜனைக்காரர்களையே சேர்த்து முதலில் பக்திப் பாடல், பிறகு சினிமாப் பாடல் என்று கல்யாண மேடைகளுக்கு வந்துவிட்டார். மேடை மாறினாலும் பஜனையின் ஒரு வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. நிகழ்ச்சி தொடங்குமுன் சுருதிப்பெட்டிக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அதை இயக்கிவிடுவார். கடைசியில் மங்களம் பாடி முடிக்கும்வரை அந்தப் பெட்டியை யாரும் அணைக்கக் கூடாது. டப்பாங்குத்துப் பாட்டானாலும் சரி, காதல் பாட்டானாலும் சரி, எல்லாவற்றையும் அந்த ஒரே சுருதிக்குக் கொண்டுவந்துவிடுவார்; அடியில் பெட்டி மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனால் நின்றுவிடுமே என்று அதற்குள் பேட்டரியும் போட்டு வைத்திருந்தார்.

லீட்காரர் போன பிறகு எங்களுக்கு வந்த முதல் பெரிய நிகழ்ச்சி, சித்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் வீட்டார் சித்தூர்த் தமிழர்கள். மாப்பிள்ளை வீட்டார் பங்காருபாளையத்தில் மாம்பழ வியாபாரம் செய்த தெலுங்குக் குடும்பம். அண்ணா இதற்கென்றே ஒரு சினிமாப் பாட்டைப் பிடித்திருந்தார். ஒரே மெட்டுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் வரிகள் உண்டு. பல்லவியைத் தமிழில் பாடுவது, நடுவில் ஓர் இசைத்துண்டு, அதன்பின் சரணத்தைத் தெலுங்கில் எடுப்பது. தமிழ் முடிந்து தெலுங்கு தொடங்கும் அந்த இடைவெளியில் எட்டு பார், அதாவது தாளத்தின் எட்டுச் சுற்று. இசைத்தட்டில் அந்த இடத்தை வயலின் கூட்டம் நிரப்பியிருந்தது. எங்களிடம் வயலின் கிடையாது.

"அந்த எட்ட கிட்டார்ல பண்ணிடு தம்பி," என்றார் அண்ணா. "தமிழ்க்காரன் கையப் புடிச்சிக் கொண்டுபோய்த் தெலுங்குக்காரன் வீட்ல வுடணும். அவ்ளோதான்."

அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எல்லைக் கிராமத்தில் தமிழில் பேசித் தெலுங்கில் படித்து வளர்ந்தவனுக்கு அந்த எட்டுச் சுற்றும் ஒரு பொறுப்பாகவே தோன்றியது. சோகமாக வாசித்தால் பெண்ணைப் பெற்றவர்கள் கண் கலங்கிவிடுவார்கள். துள்ளலாக வாசித்தால் அடுத்து வரும் தெலுங்கு வரிகளின் கனிவு கெட்டுவிடும் என்றெல்லாம் நான் பேசத் தொடங்க, கீபோர்டு வாசித்த நண்பன் குறுக்கிட்டான். அவன் வீட்டில் தெலுங்கு, என்னோடு படித்தவன்.

"ஒரேய், உன்னப் பாட்டு வாசிக்கச் சொன்னா நீ பஞ்சாயத்து பண்றியே ரா!"

அவன் கிண்டல் செய்தாலும், எனக்கு இருந்த ஆபத்து அவனுக்கும் தெரியும். அண்ணா அப்போது புதுக் கீபோர்டு ஒன்று வாங்கியிருந்தார். ஒரு விரலை வைத்தால் போதும், ரிதம், பேஸ், கார்டு எல்லாவற்றையும் அதுவே போட்டுவிடும். நான் பின்னால் நின்று மீட்டிய கார்டுகளுக்கு இனி ஆள் தேவையில்லை. குழுவில் கிட்டார் நீடிக்க வேண்டுமென்றால் அது லீடாகத்தான் நீடிக்க முடியும். இந்த எட்டு பாரும் சரியாக அமையாவிட்டால் அதையும் கீபோர்டிலேயே வாசித்துவிடுவார்கள். அதன்பின் மேடையில் எனக்கு நிற்க இடமிருக்காது. அண்ணா இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு நேராகத்தான் சொன்னார்.

பாட்டின் பல்லவி ஸி மேஜரில் போகும். அந்த இசைத்துண்டு மட்டும் ஏ மைனருக்குத் திரும்பும். கார்டுகள்: ஏ மைனர், எஃப், ஈ, மறுபடி ஏ மைனர். ஒவ்வொன்றும் இரண்டு சுற்று நிற்கும். என் அறையில் டேப் ரிக்கார்டர் இருந்தது. அந்தக் கார்டுகளை நானே மீட்டி, ஒரு காலி கேசட்டில் திரும்பத் திரும்பப் பதிந்துகொண்டேன். பிறகு அதை ஓடவிட்டு, மேலே என்ன வாசிக்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். என் வாழ்வில் அத்தனை மகிழ்ச்சியான தேடல்கள் அதிகமில்லை.

முதலில் தோன்றிய வழி மிகவும் ஒழுங்கானதாக இருந்தது: கார்டு மாறும்போதெல்லாம் ஸ்கேலையும், அதாவது வாசிக்கும் ஸ்வர வரிசையையும், மாற்றிவிடுவது. ஏ மைனர் ஒலிக்கும்போது ஏ மைனர் ஸ்கேல். எஃப் வந்தால் எஃப் மேஜர் ஸ்கேல். ஈ வந்தால் ஈ மேஜர் ஸ்கேல். தர்க்கப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்டால்தான் கொடுமை. சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டைக்குப் போகிறவன் நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கி வேறு பஸ் பிடித்ததுபோல் இருந்தது. எல்லா பஸ்ஸும் நல்ல பஸ்தான். பயணம்தான் காணாமல் போய்விட்டது.

அடுத்து எதிர்த்திசையில் போனேன். பெரும்பாலான கிட்டார்காரர்கள் முதலில் பிடிக்கும் ஐந்து ஸ்வர ஸ்கேலை எடுத்துக்கொண்டு, எந்தக் கார்டு வந்தாலும் அதை விட்டு நகராமல் வாசித்தேன். ஏ, ஸி, டி, ஈ, ஜி. இது எங்கேயும் பெரிதாகச் சொதப்பாது என்று பெயர் வாங்கிய ஸ்கேல். உண்மையில் ஏ மைனரிலும் எஃப்பிலும் குளிர்ந்த தண்ணீர்போல் ஓடியது. ஈ கார்டு வந்தவுடன் கூசியது. கேசட்டை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடிப் பார்த்தேன். காரணம் எளிமையானது. ஈ கார்டுக்குள் ஜி ஷார்ப் என்ற ஸ்வரம் இருக்கிறது. என் ஸ்கேலில் அதற்கு ஒட்டினாற்போல், அரைப் படி கீழே, வெறும் ஜி இருக்கிறது. ஒட்டிப் பிறந்த இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாக ஒலித்தால் ஒன்றையொன்று கடிக்கும். அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் ஏற்றினால்? ஏ-யை ஷட்ஜமாக, அதாவது ஸ-வாக, வைத்து நடபைரவி ராகத்தில் நடந்து வருவது. ஈ கார்டு வரும் அந்த இரண்டு சுற்றுக்கு மட்டும் ஜி-யை ஜி ஷார்ப் ஆக்கிக் கீரவாணி ராகத்துக்குள் நுழைவது. ஏ மைனர் திரும்பியதும் நடபைரவிக்கே வந்துவிடுவது. மற்ற ஆறு ஸ்வரங்களும் அப்படியே இருக்கின்றன. ஒன்றுதான் அரைப் படி ஏறி இறங்குகிறது. கேசட்டை ஓடவிட்டேன். ஏ மைனர் கடந்தது, எஃப் கடந்தது, ஈ வந்தது, என் விரல் ஜி ஷார்ப்பைத் தொட்டது. அந்தக் கணத்தில் முதுகில் மயிர்க்கூச்செறிந்ததை இப்போதும் உணர முடிகிறது. கதவு திறந்துகொண்டு யாரோ உள்ளே வருவதற்கு முந்தின நொடிபோல் இருந்தது அந்த ஸ்வரம். சோகமும் அல்ல, துள்ளலும் அல்ல, எதிர்பார்ப்பு. கல்யாண மேடைக்கு வேறென்ன வேண்டும்? அறையிலிருந்து இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்தேன். மறுபடியும் அதே கூச்செறிவு.

மறுநாள் மாலை ஒத்திகை. ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் கூடத்தில்தான் எங்கள் ஒத்திகைகள் நடக்கும். பாதி மேசைகளில் தட்டச்சுப் பொறிகள், மீதிப் பாதியில் பிளாஸ்டிக் உறை போர்த்திய கம்ப்யூட்டர்கள். மாணவர்கள் போனதும் மேசைகளை ஒதுக்கிவிட்டுக் கருவிகளை வைப்போம். அண்ணா பெட்டிக்குக் கற்பூரம் காட்டினார். எங்கள் பாடகி பல்லவியைப் பாடி முடித்தார். நான் ஆவலோடு முன்னால் வந்தேன். ஏ மைனர் நன்றாக இருந்தது, எஃப் இன்னும் நன்றாக இருந்தது. ஈ வந்தது. ஜி ஷார்ப்பைத் தொட்டேன்.

கடித்தது. அறையில் தேனாக இருந்த ஸ்வரம் கூடத்தில் பல்லைக் கூச வைத்தது.

"இன்னா தம்பி," என்று அண்ணா கையைத் தூக்கி நிறுத்தினார். "எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு கீது. அந்த எடத்துல மட்டும் சோத்துல கல்லு மாரி நறுக்குனு கடிக்குதே."

மறுபடி வாசித்தேன். மறுபடி கடித்தது. நண்பன் தன் கார்டைச் சரிபார்த்தான், சரியாகத்தான் இருந்தது. நான் கிட்டாரின் சுருதியைச் சரிபார்த்தேன், அதுவும் சரி. அடுத்த ஒத்திகைக்குள் ஸ்கேலை மாற்றிப் பார்க்கிறேன் என்றேன். அறைக்குத் திரும்பிக் கேசட்டோடு வாசித்தால் அதே கீரவாணி அமுதமாக இருந்தது. வீட்டில் சரி, கூடத்தில் தப்பு. எனக்குக் குழப்பத்தைவிடப் பரபரப்புதான் அதிகம் இருந்தது. இதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். அது என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. டுடோரியலில் கரும்பலகையின் பக்கம் திரும்பி எழுதும்போதுகூட இடது கை விரல்கள் காற்றில் ஸ்வரம் பிடித்தன. மாணவிகள் சிரித்தார்கள்.

அடுத்த ஒத்திகையிலும் கடித்தது. இந்தத் தடவை அண்ணா ஆர்மோனியத்தை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"ஞாயித்துக்கெழம கல்யாணம். சனிக்கெழம கடைசி ரிகர்சல். அதுக்குள்ள வந்துச்சா, சந்தோஷம். வரலையா, அந்த எட்ட கீபோர்டுலயே வாசிச்சிக்கலாம். கோவிச்சிக்காத தம்பி. அவுங்க வீட்டுக் கல்யாணம்; நம்ம பரீட்ச கெடையாது."

"கீபோர்டுல வாசிச்சாலும் அதே எடத்துல கடிக்கும்ணா," என்றான் நண்பன்.

"அப்ப அந்த எடத்தத் தாண்டி வாசி. உனுக்குத்தான் பத்து வெரல் கீதே!"

அப்போதுதான் மின்சாரம் போனது. கீபோர்டு ஊமையானது, கிட்டாரின் ஒலிபெருக்கியும் அணைந்தது. ஜன்னல் வழியாக மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் கிட்டார், ஒலியை எடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் பொருத்திய மரக் கிட்டார். மின்சாரம் இல்லாவிட்டாலும் மெல்லக் கேட்கும். பழக்க தோஷத்தில் அந்த ஈ கார்டின் இடத்தையே வருடிக்கொண்டிருந்தேன். ஜி ஷார்ப்பை நீட்டிப் பிடித்தேன். அது நடுங்கியது. வண்டு கண்ணாடியில் முட்டுவதுபோல் அதன் அருகே ஓர் அதிர்வு எழுந்தது. விரலை எடுத்தேன். அதிர்வு நின்றது, ஆனால் கூடத்தில் ஒலி நிற்கவில்லை. பேட்டரியில் சுருதிப்பெட்டி முனகிக்கொண்டே இருந்தது.

நான் எழுந்து பெட்டியின் அருகே போய் உட்கார்ந்தேன். அதில் இரண்டு ஸ்வரங்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. ஒரு கட்டைச் சுருதி. ஆகவே ஸ என்பது ஸி, ப என்பது ஜி. நிகழ்ச்சி நெடுக, பாட்டு எங்கே திரும்பினாலும், அந்த ஜி நகராமல் அங்கேயே இருக்கிறது. என் விரல் அதற்கு அரைப் படி மேலே ஜி ஷார்ப்பைத் தொடுகிறது. என் ஸ்கேலில் தவறில்லை. கீபோர்டின் கார்டிலும் தவறில்லை. கார்டுகள் நாலு என்று நான் எண்ணியிருந்தேன். எண்ணிக்கையில் சேராத இன்னொருவர் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மற்ற பாட்டுகளில் இத்தகைய இடங்கள் கண் இமைப்பதற்குள் கடந்துவிடும். இங்கே இரண்டு முழுச் சுற்று நின்றதால் மாட்டிக்கொண்டது.

நண்பனைத் தனியே அழைத்துப் போய் இதைச் சொன்னேன். அவன் உடனே தீர்வு சொன்னான்.

"சிம்பிள் ரா. ஞாயித்துக்கெழம நான் பேட்டரிய எடுத்துடுறேன். பல்லவி முடிஞ்சதும் ஒயர ஒரு இழு. அண்ணா கண்ண மூடிக்கினுதான் ஆர்மோனியம் வாசிப்பாரு. எவருக்கித் தெலுசு, யாருக்குத் தெரியப் போவுது?"

ஒரு நிமிடம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு பாடகியின் நினைவு வந்தது. என் எட்டுச் சுற்று முடிந்த அடுத்த நொடியில் தெலுங்கு வரியை அவர் எடுக்க வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்பதைக் கேட்காமல் நான் எதையும் செய்வதாக இல்லை. அண்ணாவின் வழக்கத்தை அவருக்குத் தெரியாமல் உடைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. அவர் கற்பூரம் காட்டி வைத்ததை நான் திருட்டுத்தனமாக அணைத்துவிட்டு, அந்த மௌனத்தின்மேல் எப்படிச் சந்தோஷமாக வாசிப்பது?

பாடகி நகரிக்காரர். வீட்டிலேயே விசைத்தறி ஓடியது; பகலில் தறி, முகூர்த்த நாட்களில் மேடை. அவரிடம் கேட்டேன்.

"அய்யோ தம்பி, பொட்டியில கைய வெச்சிடாத!" என்று பதறினார். "மேடையில இன்னா கேக்குது? ஒரு பக்கம் டிரம்மு, ஒரு பக்கம் சாப்பாட்டுப் பந்தி. எங்க ஊட்ல தறிச் சத்தத்துக்குள்ளயே பாடிப் பாடி, எத்தினி சத்தத்துலயும் அந்த ஸ-வ மட்டும் காது புடிச்சிக்கும். அது போச்சின்னா நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியாது. சரணத்தத் தெலுங்குல எடுக்கச் சொன்னா மலையாளத்துல எடுத்துடுவேன்."

"ஸ வேணும். சரிக்கா. ப?"

அவர் யோசித்தார். கண்ணை மூடிச் சரணத்தின் முதல் வரியை முனகினார். "ப-வ நான் தேடுறதில்ல," என்றார் மெதுவாக. "அது பாட்டுக்குக் கூட வருது. எடுத்துட்டா கொஞ்சம் வெறிச்சினு இருக்கும். வுழுந்துட மாட்டேன்."

எனக்கு அது போதும். அந்தப் பெட்டியில் ஸ-வுக்கும் ப-வுக்கும் தனித்தனிக் குமிழ்கள் இருந்தன. ப-வின் குமிழை மட்டும் இறக்கிவிட்டால் பெட்டி அணையாது. ஸ நின்று ஒலிக்கும். ஜி ஷார்ப்பைக் கடிக்கும் ஜி மட்டும் ஒதுங்கிவிடும். அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மிகையல்ல, வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் "என்னாச்சு?" என்று கேட்டார்கள்.

அறையில் பெட்டியின் ஸ-போலக் கிட்டாரின் ஸி-யை விடாமல் மீட்டிக் கேசட்டில் பதிந்து, அதன்மேல் அந்தக் கார்டுகளையும் ஸ்வரங்களையும் வாசித்துப் பார்த்தேன். பெரிய கடி போய்விட்டது. சின்னதாக ஒன்று மீதியிருந்தது. ஈ கார்டுக்குள் பி என்ற ஸ்வரம் இருக்கிறது. அது ஸி-க்கு அரைப் படி கீழே. ஒரு தொந்தரவு போனால் இன்னொன்று. ஆனால் இந்த முறை நான் வேறு பக்கத்திலிருந்து யோசித்தேன். ஸி நகரப் போவதில்லை. அது பாடகி காலூன்றி நிற்கும் இடம். அப்படியானால் ஸி-யை வெளியே நிற்கவைக்காமல் கார்டுக்குள்ளேயே அழைத்துக்கொண்டால் என்ன? ஈ கார்டிலிருந்து பி-யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸி-யை வைத்தேன். ஈ, ஜி ஷார்ப், ஸி. விரல்களை வைத்து மீட்டினேன்.

அப்படி ஒரு ஒலியை நான் அதுவரை என் கையால் எழுப்பியதில்லை. வானத்தில் மழை திரண்டு, காற்று நின்று, முதல் துளி விழாமல் இருக்கும் நேரம் அது. அந்த மூன்று ஸ்வரங்களும் கீரவாணிக்குள்ளேயே இருந்தன. ஸ்கேலை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பி-யில் நிற்காமல் அதை வழியில் மட்டும் தொட்டு, ஜி ஷார்ப்பில் நின்று, ஸி-யைத் தழுவி, ஏ-யில் இறங்கினேன். ஸ்கேல் தேர்வு என்பது கார்டுகளைப் பார்த்து மட்டும் செய்வதல்ல. அந்த இடத்தில் வேறு யாரெல்லாம் ஒலித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் யாரை நகர்த்தலாம், யாரை நகர்த்தவே கூடாது என்பதையும் பார்த்துச் செய்வது என்று அன்று எனக்குப் புரிந்தது. சமூகவியல் வகுப்பில் இவ்வளவு தெளிவாக எதையும் நான் புரிந்துகொண்டதில்லை.

சனிக்கிழமை அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிப்பது பெட்டியின் ப என்று சொன்னதும் அவர் முகம் மாறியது.

"சுருதி கடிக்குதா? சுருதிதான்யா சரி. மத்ததெல்லாம் அதுக்குத்தான் ஒத்துப்போகணும்."

"சரிதாண்ணா. அணைக்கச் சொல்லல. ஸ அப்படியே இருக்கட்டும். அந்த எட்டுச் சுற்றுக்கு ப-வ மட்டும் இறக்கிக்கலாமான்னு கேக்கறேன்."

"பாதி சுருதியப் புடுங்கினா சாமி பாதிக்குத்தான் இருக்கும்!"

பாடகி சிரித்துவிட்டார். "மீதிப் பாதிய வெச்சிக்கினு நான் பாடிடறேன்ணா. ஒருவாட்டி கேளுங்க. புடிக்கலன்னா தூக்கிப் போட்ருங்க."

அவருக்காகத்தான் அண்ணா இணங்கினார். நான் குமிழை இறக்கிவிட்டு வாசித்தேன். நண்பன் அந்தப் புதிய மூன்று ஸ்வரக் கார்டைப் போட்டான். அண்ணா கையைக் கட்டிக்கொண்டு, சந்தேகத்தோடு தலையைச் சாய்த்துக் கேட்டார். ஈ கார்டின் இடம் வந்தது, கடந்தது. பாடகி தெலுங்கு வரியை எடுத்தார், ஸ்வரம் பிசகவில்லை. பாட்டு முடிந்தபின் அண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடிக்கல," என்றார். "ஆனா வெறிச்சினு கீது. நாளைக்கு மேடையில கேட்டுத்தான் சொல்லுவேன். அங்கயும் எனக்குப் புடிக்கலன்னா, அடுத்த ப்ரோக்ராம்லருந்து கீபோர்டு."

ஞாயிற்றுக்கிழமை மாலை சித்தூர் மண்டபத்தில் நிற்க இடமில்லை. மாம்பழச் சாறு தம்ளர் தம்ளராக வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு, நடுவில் இரண்டையும் கலந்து பேசும் எங்களைப் போன்றவர்கள். அந்தப் பாட்டு வந்தபோது பெண் வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். பாடகி தமிழ்ப் பல்லவியை முடித்தார். ப-வின் குமிழை யார் இறக்குவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் இரண்டு கையும் கிட்டாரில். நண்பன் தூரத்தில் கீபோர்டில். இருந்தும் முன்னால் வந்தேன். ஏ மைனர். எஃப். பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அண்ணா இடது கையை ஆர்மோனியத்தின் துருத்தியிலிருந்து எடுத்துப் பெட்டியின்மேல் வைத்திருந்தார். அவர் கண் மூடியிருக்கவில்லை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஃப் முடியும் கடைசித் தட்டில் ப மெல்ல இறங்கி மறைந்தது. அந்த வெட்டவெளியில் ஜி ஷார்ப்பை வைத்தேன். மழை திரண்டது. முன்வரிசையில் யாரோ பேச்சை நிறுத்தினார்கள். ஏ-யில் இறங்கினேன். பாடகி தெலுங்கு வரியின் முதல் எழுத்தை எடுத்த அதே நொடியில், அண்ணா குமிழைத் திருப்பினார். ப திரும்பி வந்தது.

அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. எடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். திருப்பித் தருவதைப் பற்றி நினைக்கவே இல்லை. அந்த ஐந்தாம் ஸ்வரம் திரும்பியபோது மண்டபத்தின் விளக்குகள் எல்லாம் ஒரு படி கூடியதுபோல் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் கைதட்டல் எழுந்தது. பெண் வீட்டார் பக்கமும் தொடர்ந்தது. பாடகி பாடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, மூக்குத்தி மின்னச் சிரித்தார்.

பாட்டு முடிந்ததும் பங்காருபாளையத்துக்காரர்கள் "ஒன்ஸ் மோர்!" என்று கத்தத் தொடங்கினார்கள். அண்ணா என் பக்கம் சாய்ந்தார். அவர் நெற்றியில் வியர்வை. முகத்தில் பஜனையின் உச்சத்தில் இருப்பவரின் களை.

"இன்னா பாக்கற? இன்னொருவாட்டி. எட்டு பத்தல தம்பி, பதினாறு வாசி."

"பதினாறுக்கு நான் ஒண்ணும் யோசிக்கலயேண்ணா."

"யோசிச்சது போதும். நீ பாட்டுக்குப் போ. எங்க இறக்கணும், எங்க ஏத்தணும்னு நான் பாத்துக்கறேன். அடுத்த முகூர்த்தம் வேலூர்ல, அங்க முப்பத்திரண்டு." கீபோர்டின் பக்கம் திரும்பி, "நீ கார்ட மட்டும் புடிச்சிக்கினு நில்லுப்பா," என்றார்.

நண்பன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஏ மைனரைப் போட்டான். அண்ணாவின் விரல் குமிழின்மேல் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பதினாறுக்கு எந்தக் கணக்கும் இல்லாமல், முதல் ஸ்வரத்துக்கு நான் கையை நீட்டினேன்.